இரண்டாம் பாகத்தில் தரை சரியில்லை

பாப்பா,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மாட்டேன். இன்று காலையில்தான் அம்மாவிடம் போனில் அரை மணி நேரம் பேசியிருக்கிறாய், நலம் என்று தெரியும். நான் சொல்லச் சொல்ல அவள்தான் இதை டைப் அடிக்கிறாள். என் கையெழுத்து எனக்கே புரியாது. அவளோ வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே இருபது வருடமாக ஊர் ஜனங்களின் மனுவையெல்லாம் டைப் அடித்துக் கொடுக்கிறவள். அதனால் நடுநடுவே கொஞ்சம் மனு வாடை அடித்தால் கண்டுகொள்ளாதே. இதை நீ மட்டும் படித்து மூடி வைக்க வேண்டியதும் இல்லை. உன் வீடியோவுக்குக் கீழே வந்து வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டுப் போகிறார்களே, அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுத வைக்கிறேன். திங்கட்கிழமைக்குள் உன் கைக்கு வந்து சேர வேண்டும், அது ஒன்றுதான் என் அவசரம்.

வெளி ஆட்களும் படிக்கப் போவதால் ஒன்றிரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். நான் பொக்லைன் ஓட்டுகிறவன். முப்பது வருடமாகத் திருவண்ணாமலையைச் சுற்றி ஏரி தூர் வாருவதும், கிணறு வெட்டுவதும், வீடுகளுக்கு அஸ்திவாரம் தோண்டுவதும்தான் என் பிழைப்பு. நீ மெக்கானிக்கல் படித்துவிட்டு சென்னையில் ஒரு கம்பெனியில் இருக்கிறாய். அது சம்பளத்துக்கு. சனி ஞாயிறில் வீடியோ கேம்களை விளையாடிப் பார்த்து, எது நன்றாக இருக்கிறது, எது இல்லை என்று தமிழில் பேசி வீடியோ போடுகிறாய். அது உன் ஆசைக்கு. மாடிக் கட்டடம் உயரத்துக்கு நிற்கிற ராட்சத ரோபோவின் நெஞ்சுக்குள் மனிதன் உட்கார்ந்து ஓட்டிச் சண்டை போடுகிற ஒரு விளையாட்டு, கல்லூரியில் படித்த நாளிலிருந்தே உனக்கு உயிர். அதன் இரண்டாம் பாகம் இப்போது வந்திருக்கிறது. எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். நீ மட்டும் நாற்பது நிமிடம் பேசி, இந்த ரோபோக்களுக்கு எடையே இல்லை என்று சொல்லிவிட்டாய். அதற்குக் கிடைத்த மரியாதையை நானும் படித்தேன். ‘பொம்பளப் புள்ளைக்கு மெஷினப் பத்தி இன்னா தெரியும்’ என்று ஒருவன். ‘போயி சமையல் கேம் ஆடு’ என்று இன்னொருவன். அவனுக்கு அம்மா ஒரு பதில் எழுதினாள், நான்தான் அனுப்ப விடாமல் அழித்தேன்.

போன வாரம் நீ கூப்பிட்டபோது கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு நிலத்தில் பண்ணைக்குட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். வண்டியை நிறுத்திவிட்டு வரப்பில் நின்று பேசினேன். கேம்களுக்கு விளம்பர வேலை செய்கிற ஒரு கம்பெனி உன்னைக் கூப்பிட்டிருக்கிறது, முழு நேர வேலை, நீ ரொம்ப நாளாக ஆசைப்பட்ட வேலை. “ஆனா அந்த ரெண்டாம் பாகம் வீடியோவ மட்டும் சேனல்லேருந்து எடுத்துடணும்னு சொல்றாங்கப்பா. அந்த கேமுக்கும் அவங்கதான் விளம்பரம் பண்றாங்களாம். திங்கக்கெழம பதில் சொல்லணும். எடுத்துடட்டுமா?” என்று கேட்டாய். நான் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. “எடுத்துடு. நாலு பேரு சந்தோஷமா இருக்கறப்ப நாம எதுக்கு குறை சொல்லிக்கிட்டு?” என்றேன். “நீ அந்த வீடியோவ பாத்தியாப்பா?” என்றாய். “பாத்தேன், நல்லா இருந்துச்சி” என்றேன். “எது நல்லா இருந்துச்சி?” என்றாய். “டவர் கெடைக்கல பாப்பா, கட் ஆவுது” என்று சொல்லி வைத்துவிட்டேன். நாலு கோடு முழுசாக டவர் இருந்தது. வீடியோவைத்தான் நான் பார்த்திருக்கவில்லை.

அந்த ஒரு வீடியோ மட்டும் இல்லை, உன் வீடியோ ஒன்றைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. இதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. போன மாதம் ஒரு கல்யாணத்தில் பக்கத்து இலைக்காரர், பெண் என்ன செய்கிறாள் என்று கேட்டார். கம்பெனியில் இன்ஜினியர் என்று சொல்லிவிட்டு மீதியைச் சாம்பார் சாதத்தோடு சேர்த்து முழுங்கிவிட்டேன். பொம்மைச் சண்டையைப் பற்றி உட்கார்ந்து பேசுவதெல்லாம் ஒரு வேலையா என்று வீட்டுக்கு வந்து புலம்பியபோது அம்மா சொன்னாள்: “நீங்க மட்டும் என்னவாம், நாள் பூரா ரெண்டு குச்சியப் புடிச்சி ஆட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கறதுதானே உங்க வேல?” இந்த வரியை டைப் அடிக்கும்போது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாத மழை. பண்ணைக்குட்டையில் நான் வெட்டியதை மழையே நிரப்பிக்கொண்டிருந்தது, சக்கரத்துக்குப் பதில் இரும்புச் செயினில் ஓடுகிற வண்டியைச் சேற்றில் இறக்கினால் அதை எடுக்க இன்னொரு வண்டி வர வேண்டும். வீட்டில் இருந்தேன். உன்னிடம் சொன்ன பொய் உறுத்திக்கொண்டே இருந்ததால் முதல் நாளே அம்மாவின் போனில் உன் வீடியோவைப் போட்டு உட்கார்ந்தேன். பாதி புரியவில்லை. ஆனால் நீ பேசுகிற விதம் எனக்கு ரொம்பப் பழகியதாக இருந்தது. வேலை நடக்கும் இடத்தில் ஒரு நல்ல மேஸ்திரி பேசுவது போல இருந்தது. வளவளவென்று இல்லை, இந்த இடம் இப்படி, ஏன் என்றால் இது, அவ்வளவுதான். புரியாத பாதியைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் விளையாடித்தான் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. லீவில் வந்தால் நீ விளையாடுகிற பெரிய கம்ப்யூட்டர் மாடி அறையில் துணி போர்த்திக் கிடக்கிறதே, அதை அம்மா திறந்து கொடுத்தாள். உன் பாஸ்வேர்டு அவளுக்கு எப்படித் தெரியும் என்று என்னைக் கேட்காதே, அவளைக் கேள். உன் கணக்கில் யாரோ நுழைந்து முதல் சண்டையிலேயே பதினோரு தடவை செத்திருக்கிறார்களே என்று நீ பயந்திருந்தால், அது நான்தான்.

முதல் பாகத்தைத்தான் முதலில் விளையாடினேன். சொன்னால் நம்ப மாட்டாய், ரோபோ எழுந்து நின்ற உடனே எனக்குக் கை குறுகுறுத்தது. ஒரு கையை முன்னால் நீட்டினால் உடம்பு பின்னால் சாய்ந்து சமன் செய்கிறது. திரும்ப வேண்டும் என்றால் பொசுக்கென்று திரும்ப முடியாது, முதலில் நிற்க வேண்டும், காலை மாற்றி வைக்க வேண்டும், இடுப்பு திரும்பிய பிறகுதான் தோள் வரும். கையை ஜாஸ்தி ஆட்டினால் ஓரத்தில் சூட்டைக் காட்டுகிற முள் ஏறுகிறது. ஏறிய பிறகும் பிடிவாதமாக அடித்தால் கை மந்தமாகிவிடுகிறது. சித்திரை வெயிலில் ஆயில் சூடேறி என் வண்டி அப்படித்தான் மந்தமாகும், ஒரு மரத்தடியில் நிறுத்திவிட்டு நானும் அதுவும் மூச்சு வாங்குவோம். இதைச் செய்தவர்களில் எவனோ ஒருவன் நிச்சயம் வண்டி ஓட்டினவன் என்று அம்மாவிடம் சொன்னேன். ஆனால் ஒன்று, ரொம்ப மெதுவு பாப்பா. ஒரு அடி எடுத்து வைப்பதற்குள் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். நீ இதையா நான்கு வருடம் ஆடினாய் என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

இரண்டாம் பாகத்தைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. எனக்குப் பிடித்திருந்தது. குதிக்கிறது, பறக்கிறது, பக்கவாட்டில் சறுக்குகிறது. கைப்பிடியில் எந்தப் பொத்தானைத் தட்டினாலும் ஏதோ ஒன்று நன்றாகவே நடக்கிறது. என் வயசுக்காரன், விரல் மடங்காதவன், முதல் சண்டையில் இரண்டாவது தடவையே ஜெயித்துவிட்டேன். ஒரு ஆற்றை ஒரே தாவில் தாண்டியபோது வாய்விட்டுக் கத்திவிட்டேன், பக்கத்து வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று மதில் மேல் எட்டிப் பார்த்தார். முப்பது வருடம் தரையைப் பிறாண்டிக்கொண்டே இருந்தவனுக்குப் பறக்கிற வண்டி பிடிக்காமல் போகுமா? இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிற சண்டையில் அம்மா என்னை மூன்று தடவை கீழே தள்ளினாள். “எதுக்கு சண்ட போடுறாங்கன்னே தெரியல, ஆனா அடிக்கறதுக்கு நல்லா இருக்கு” என்பது அவள் கருத்து. கொண்டாடுகிறவர்கள் எதைக் கொண்டாடுகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. நீயும் அதைக் கொஞ்சம் சொல்லியிருக்கலாம், உனக்கு அந்தப் பக்கம் கஞ்சத்தனம்.

ஆனால் உன் வீடியோவில் இருபதாவது நிமிடம் வாக்கில் ஒரு இடம் வருகிறது. நீ படத்தை மறைத்துவிட்டாய். “கண்ண மூடிக்கிட்டு கேளுங்க” என்று சொல்லிவிட்டு, ரோபோ நடக்கிற சத்தத்தை மட்டும் நான்கு தடவை போட்டாய். ஒன்று சேற்றில், ஒன்று பாறையில், ஒன்று மணலில், ஒன்று வீட்டுக் கூரை மேல். “எது எதுன்னு சொல்லுங்க பாக்கலாம்” என்றாய். நான் கண்ணை மூடிக் கேட்டேன். நான்கும் ஒன்றுதான். பிறகு முதல் பாகத்துச் சத்தங்களைப் போட்டாய். அதில் சேறு காலை விட மனமில்லாமல் விடுகிற சத்தம் கூட இருந்தது. “ரோபோவுக்கு வெயிட் இருக்கான்னு ரோபோவப் பாத்தா தெரியாது, தரையக் கேட்டாதான் தெரியும். ரெண்டாம் பாகத்துல தரை சரியில்ல” என்றாய். நான் இரண்டாம் பாகத்தை ஒன்றரை நாள் ஆடி, சேறு, பாறை எல்லாவற்றிலும் குதித்துவிட்டுத்தான் இந்த இடத்தைத் திரும்பக் கேட்டேன். தரையே பிழைப்பாக இருக்கிற எனக்குக் காதில் விழவில்லை, உனக்கு விழுந்திருக்கிறது. மெஷினைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்டவனைப் பிடித்து இழுத்து வந்து என் வண்டியில் உட்கார வைத்து, இதைக் கேட்க வைக்க வேண்டும் போல இருந்தது. அவ்வளவு கர்வம் எனக்கு.

கர்வத்தோடு ஒரு குறையும் சொல்கிறேன், அதையும் நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். இரண்டாம் பாகத்தில் சண்டைக்கு நடுவே வருகிற கதையையெல்லாம் தாண்டி விட்டுவிட்டதாக வீடியோவில் நீயே ஒத்துக்கொள்கிறாய். நான் தாண்டவில்லை, தாண்டுகிற பொத்தான் எது என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு சண்டை முடிந்ததும் ஒரு பட்டறை வருகிறது. அங்கே ஒரு பெண் மெக்கானிக் ரோபோவின் முழங்காலில் சுத்தியலால் தட்டி, காதை வைத்துக் கேட்டுவிட்டு, எந்த மூட்டு ஆணி தேய்ந்திருக்கிறது என்று சொல்கிறாள். கிரீஸ் துப்பாக்கியைக் கையில் வாங்குவதற்கு முன்னால் முழங்காலில் கிரீஸ் ஏற்றுகிற துளையின் வாயைத் துணியால் துடைக்கிறாள். மண் ஒட்டிய வாயோடு கிரீஸ் அடித்தால் மண்ணும் உள்ளே போய்விடும், அது வேலை தெரிந்தவர்கள் மட்டும் செய்கிற காரியம். இரண்டாம் பாகத்தைச் செய்தவர்களுக்கு எடையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நீ சொன்னாயே, அது தப்பு. தெரிந்த ஒருவன் உள்ளே இருக்கிறான். அவனைப் பட்டறையோடு நிறுத்திவிட்டார்கள், சண்டைக்குள் விடவில்லை. பார்க்காததைப் பற்றித் தீர்ப்பு சொல்லாதே பாப்பா. இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்றால் இல்லை, பார்க்காத வீடியோவை எடுக்கச் சொன்னவன் நான். ஆனாலும் சொல்கிறேன்.

இப்போது சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவு சுற்றினேன். உனக்குப் பன்னிரண்டு வயது. முழுப் பரீட்சை லீவு. அம்மா வேலைக்குப் போய்விட்டதால் உன்னையும் கூட்டிக்கொண்டு வேங்கிக்கால் பக்கம் ஒரு வீட்டு மனையில் அஸ்திவாரம் தோண்டப் போனேன். ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர் ஒருவர், வந்த பணத்தையெல்லாம் போட்டு வீடு கட்டுகிறார். எங்கள் வேலையில் ஒரு பழக்கம் இருக்கிறது. பூமி பூஜை முடிந்து, வண்டியின் மண் அள்ளுகிற பக்கெட்டின் பல்லுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, செயினுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஈசானி மூலையில் முதல் பக்கெட் மண்ணை எடுத்ததும், வீட்டுக்காரர் துண்டு போர்த்தி, வெற்றிலை பாக்கு கொடுத்து, “மண்ணு எப்படிங்க?” என்று கேட்பார். அங்கே எல்லோரும் ஆபரேட்டர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். “நல்ல மண்ணுங்க, கெட்டித் தரை” என்று சொல்ல வேண்டும். நல்ல நாளும் அதுவுமாக வேறு வார்த்தை வாயில் வரக்கூடாது. நானும் சொன்னேன். அந்த மூலையில் சரளை நன்றாகத்தான் இருந்தது, அதுவரை அது பொய்யும் இல்லை.

பதினோரு மணி இருக்கும், தெற்கு மூலையில் தோண்டும்போது சரளைக்குக் கீழே பக்கெட் வழுக்கிக்கொண்டு இறங்கியது. கையில் லீவர் லேசாகிவிட்டது. அடியில் களிமண். ஒரு காலத்தில் ஏரித் தண்ணீர் வந்து நின்ற இடமாக இருந்திருக்க வேண்டும். இன்னும் மூன்றடி, நான்கடி தோண்டிப் பார்த்தால்தான் கெட்டி கிடைக்கும். தண்ணீர் குடிக்க இறங்கினேன். தண்ணீர் டேங்க் நிழலில் படம் வரைந்துகொண்டிருந்த நீ, “அந்த மூலையில மட்டும் சத்தம் வேற மாதிரி வருதே, ஏம்ப்பா?” என்று கேட்டாய். “ஒண்ணும் இல்ல, நீ வரை” என்றேன். அதே நேரம் கண்டக்டரும் வந்தார். “அந்தப் பக்கமும் அதே மண்ணுதானுங்களே?” என்றார். அவருக்குப் பின்னால் காண்ட்ராக்டர் நின்றுகொண்டிருந்தார். ஆழம் கூடினால் செலவு கூடி அவருக்குத் தலைவலி, எனக்கு மாதம் பத்து நாள் வேலை கொடுக்கிறவர் அவர். காலையில் அத்தனை பேர் முன்னால் நல்ல வார்த்தை சொல்லி துண்டு வாங்கி, அந்தத் துண்டு இன்னும் என் தோளில் கிடக்கும்போது எப்படி மாற்றிச் சொல்வது என்றும் இருந்தது. “அதேதாங்க, கெட்டித் தரை” என்றேன். நீ பென்சிலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்க்காமல் டீக்கடைப் பக்கம் சாப்பிடப் போய்விட்டேன்.

மூன்றாவது மழைக்காலத்திலேயே அந்த மூலை இறங்கியது. ஜன்னல் ஓரத்திலிருந்து கூரை வரைக்கும் சுவர் சாய்வாகப் பிளந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். யாருக்கும் அடிபடவில்லை, அது அவர் செய்த புண்ணியம். காண்ட்ராக்டர் சிமெண்ட் மேல் பழி போட்டார், சிமெண்ட் கடைக்காரர் மேஸ்திரி மேல் போட்டார், என்னை யாரும் கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. அந்தத் தெருவில் வேலை வந்தால் வண்டி ரிப்பேர் என்பேன். அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தால் சுற்றிக்கொண்டு போவேன். பொய் சொன்ன நாளிலிருந்து பதினாலு வருடம் இப்படி ஓட்டிவிட்டேன். வரப்பில் நின்றுகொண்டு உன்னிடம், நாலு பேர் சந்தோஷமாக இருக்கும்போது நாம் எதற்குக் குறை சொல்ல வேண்டும் என்றேனே, அது உனக்காக யோசித்துச் சொன்ன புத்திமதி இல்லை பாப்பா. அன்றைக்கு நான் எனக்குச் சொல்லிக்கொண்ட அதே சாக்கு. அன்று கண்டக்டரிடம் பொய் சொன்னேன், போன வாரம் உன்னையும் உண்மையை மறைக்கச் சொன்னேன். மழையில் வீட்டில் கிடந்து உன் நான்கு சத்தங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டபோதுதான் இது எனக்கு உறைத்தது.

நேற்றுக் காலை மழை விட்டதும் பைக்கை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். அம்மாவிடம் கூடச் சொல்லவில்லை. கண்டக்டருக்கு இப்போது எழுபதுக்கு மேல். தலை வெளுத்துப்போய் இருந்தாலும் ஆளை அடையாளம் தெரிந்தது, அவருக்கும் என்னைத் தெரிந்தது. “வாங்க வாங்க, பொக்லைன்காரர்தானே? எவ்ளோ வருஷம் ஆச்சி!” என்று உள்ளே உட்கார வைத்தார். பிளந்த சுவரை இடித்துவிட்டு வேறு சுவர் வைத்திருந்தார், பழைய சுவரும் புதுச் சுவரும் சேருகிற கோடு பெயிண்டுக்குள்ளும் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “ஐயா, அன்னிக்கி இந்த மூலையில கெட்டித் தரைன்னு நான் சொன்னது பொய்ங்க. அடியில களி இருந்துச்சி. எனக்கு அப்பவே தெரியும்.”

அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். “பதினாலு வருஷம் கழிச்சி வந்து சொல்றீங்க” என்றார். “ஆமாங்க” என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் தேவலை என்று கூட இருந்தது. அவர் திட்டவில்லை. “உங்க பொண்ணு அன்னிக்கே சொல்லிச்சிங்க” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார்: “நீங்க சாப்புடப் போயிட்டீங்க. டேங்க் பக்கத்துல ஒக்காந்திருந்துச்சே, அந்தப் பொண்ணு எழுந்து வந்துச்சி. ‘அங்கிள், அந்த மூலையில மட்டும் சத்தம் வேற மாதிரி வருது, இன்னும் கொஞ்சம் ஆழமா தோண்டிப் பாருங்க’ன்னு சொல்லிச்சி. நான்தான் சிரிச்சிட்டேன். ‘உங்கப்பாவே நல்ல தரைன்னு சொல்லிட்டாரு, உனக்கு இன்னாம்மா தெரியும்’னு கேட்டேன்.”

“அதுக்கு இன்னா சொல்லிச்சிங்க?” என்றேன்.

“ஒண்ணும் வம்பு பண்ணல. ‘எனக்குக் கேட்டதச் சொன்னேன் அங்கிள்’னு சொல்லிட்டு, போயி மறுபடியும் படம் வரைய ஒக்காந்துக்கிச்சி. செவுரு வெடிச்ச அன்னிக்கி மொதல்ல அந்தப் பொண்ணு முகம்தாங்க எனக்கு ஞாபகம் வந்துச்சி. இப்ப இன்னா பண்ணுது?”

கல்யாணப் பந்தியில் முழுங்கியதை அவரிடம் முழுசாகச் சொன்னேன். என்ன விளையாட்டு, என்ன ரோபோ, ஊரே நன்றாக இருக்கிறது என்று சொல்லும்போது நீ என்ன சொன்னாய், அதற்கு என்ன வாங்கிக் கட்டிக்கொண்டாய், எல்லாம். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. வீடியோவைத் தன் போனில் போட்டுத் தரச் சொன்னார். எனக்குப் போடத் தெரியவில்லை, அவர் மருமகள்தான் வந்து போட்டுக் கொடுத்தாள். நான் கிளம்பும்போது அவர் போனைக் காதருகே வைத்துக்கொண்டு, நான்கு சத்தங்களையும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வருகிற வழியில் பைக்கை ஓரம் கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். வெட்கத்தில் பாதி, பெருமையில் பாதி, பெருமைதான் ஜாஸ்தி. நீ இதை ஒரு நாள் கூட என்னிடம் சொன்னதில்லையே பாப்பா. வீட்டுக்கு வந்ததும் அப்பா பொய் சொன்னார் என்று அம்மாவிடம் போட்டுக் கொடுக்கவில்லை. என்னைச் சின்னவனாக்கவும் இல்லை, உண்மையைச் சொல்லாமல் விடவும் இல்லை. இத்தனை வருடம் நீ மெஷின் படித்தது என்னைப் பார்த்துத்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இந்தக் குணம் என்னிடமிருந்து வந்தது இல்லை, எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவாக இருக்கும் என்று இப்போது டைப் அடிக்கிறவள் சொல்கிறாள், இருக்கட்டும்.

திங்கட்கிழமை அவர்கள் கேட்பார்கள். அந்த வேலைக்குப் போவதா, இப்போதிருக்கிற கம்பெனியிலேயே இருப்பதா, அதெல்லாம் நீ முடிவு செய்ய வேண்டியது, அதில் நான் வாய் திறக்க மாட்டேன். பட்டறையைத் தாண்டியது தப்பு என்று உனக்கும் பட்டால் அதைச் சொல்லி இன்னொரு வீடியோ போடு. ஆனால் எடுத்துவிடு என்று வரப்பில் நின்று சொன்னேனே, அதை மட்டும் கேட்காதே. அப்பா சொல்லிவிட்டார் என்பதற்காகப் பன்னிரண்டு வயதில் நீ வாயை மூடிக்கொள்ளவில்லை. இருபத்தாறு வயதில் ஆரம்பிக்காதே.

உன் அப்பா